முற்றத்துக் கறிவேப்பிலையும் கூர்ப்பு வாதமும்

கூர்ப்புக் கொள்கை என்றதும் நம்மவர் நினைவுக்கு வருவது குரங்குதான். மனிதன் குரங்கிலிருந்து வந்தானா என்று கேட்டு, ஆம் என்பாரும் இல்லை என்பாருமாக இரு கட்சி கட்டி வாதிடுவதோடு நம் விவாத அரங்குகள் பெரும்பாலும் கலைந்துவிடுகின்றன. ஆயின் விஞ்ஞானிகளிடையே நூறாண்டுக்கு மேலாக நடந்த பெருவாதம் அதுவன்று. டார்வினின் நூல் 1859 இல் வெளிவந்த பின் ஒரு தலைமுறைக்குள்ளாகவே உயிரினங்கள் மாறி வந்தன என்பதை உயிரியலறிஞரிற் பெரும்பாலார் ஒப்புக்கொண்டனர். அவர்கள் மல்லாடியது வேறொரு கேள்வியோடு. மாற்றம் எவ்வழியில் நிகழ்கிறது? சிறிது சிறிதாகவா, ஒரே பாய்ச்சலிலா? அதனை நடத்துவது இயற்கைத் தெரிவா, அன்றித் தற்செயலாய்த் தோன்றும் விகாரங்களா?

இந்த வழக்கிலே சாட்சி சொல்ல அழைக்கப்பட்ட உயிர்களுள் ஒன்று நம் நாட்டு வண்ணத்துப்பூச்சி. காட்டிலே தேடிப் பிடிக்கவேண்டிய அரும்பொருளுமன்று அது. வீட்டு முற்றத்துக் கறிவேப்பிலை மரத்திலும் எலுமிச்சங் கன்றிலும் முட்டையிட்டுப் போவது. அதன் வரலாற்றை நம் இளைஞர் அறிந்திருத்தல் நன்றெனக் கருதியே இக்கட்டுரையை எழுதப் புகுந்தோம்.

விஞ்ஞானிகள் இதனைப் பப்பிலியோ பொலிற்றெஸ் என்பர். இக்காலத் தமிழ் நூல்கள் கறிவேப்பிலை அழகி எனப் பெயரிட்டுள்ளன. நாமும் அழகி என்றே வழங்குவோம். தோடை, எலுமிச்சை, நாரத்தை ஆகியவற்றின் தளிர்களிலே முதலிற் பறவை எச்சம் போலத் தோன்றிப் பின்னர் இலைப்பச்சை நிறங்கொள்ளும் புழுவை நம்மிற் பலர் கண்டிருப்பர். தொட்டால், தலைக்குப் பின்னாலிருந்து கொம்பு போன்ற ஓர் உறுப்பை வெளியே நீட்டி நாற்றம் வீசும். பயிருக்குக் கேடென்று நாம் நசுக்கியெறியும் அப்புழுவே இக்கதையின் நாயகி.

அழகியின் ஆண்கள் யாவும் ஒரே சாயலின. கரிய சிறகு, பின்சிறகின் குறுக்கே வெண்புள்ளி வரிசை ஒன்று. பெண்களோ இலங்கையில் மூவகைப்படும். ஒருவகை ஆணைப் போன்றதே. இரண்டாம் வகை ரோசா அழகி என்னும் வேறொரு பூச்சியின் சாயலைத் தாங்கியது. பின்சிறகின் நடுவில் வெண்திட்டும் ஓரத்திற் சிவந்த பிறைகளும் உடையது. மூன்றாம் வகை சிவப்புடல் அழகி என்னும் பூச்சியைப் போன்றது. பின்னைய இரு பூச்சிகளின் புழுக்களும் உண்பன ஆடுதீண்டாப்பாளை, ஈசுரமூலி முதலிய செடிகொடிகளை. ஆடும் தீண்டாதது என்று நம் முன்னோர் பெயரிட்டதிலிருந்தே அச்செடியின் குணம் விளங்கும். அதன் நஞ்சைப் புழு தன் உடலிற் சேர்த்துக்கொள்ளுகிறது. வளர்ந்த பூச்சியிலும் அது தங்கிவிடுகிறது. ஒருமுறை கொத்திப் பார்த்த பறவை மறுமுறை அப்பக்கம் நாடாது. நஞ்சில்லாத நம் அழகியின் பெண்கள் நஞ்சுடையதன் உடையை உடுத்திக்கொண்டு உலாவுகின்றன. பசுத்தோல் போர்த்த புலியைப் பற்றிக் கேட்டிருக்கிறோம்; இது புலித்தோல் போர்த்த பசு.

முன்னாளில் ஐரோப்பியர் இவற்றைத் தனித்தனி இனங்களென எண்ணி வெவ்வேறு பெயர் சூட்டினர். மலாய்த் தீவுகளிலே எட்டாண்டு அலைந்து திரிந்த அல்பிரட் ரசல் வலஸ் என்பாரே, இவை யாவும் ஓரினத்தின் பெண்கள் என்று 1865 இல் வெளியான தம் ஆய்விற் காட்டினார். அதற்கு மூன்றாண்டு முன்னர், 1862 இல், அவருடைய பழைய தோழரான ஹென்றி வோல்ற்றர் பேற்ஸ், அமேசன் காடுகளிற் பதினோராண்டு தங்கிக் கண்டவற்றைக் கொண்டு, நஞ்சில்லாதன நஞ்சுள்ளவற்றின் வேடம் பூணுகின்றன என்னும் கொள்கையை வெளியிட்டிருந்தார். டார்வின் அதனைப் பெரிதும் பாராட்டினார். பாராட்டாமல் இருப்பாரா? பறவையின் கண்ணே தெரிவு செய்யும் கருவி; வேடம் சற்றுச் சிறந்த பூச்சி தப்பும், சிறவாதது மாளும்; பல்லாயிரம் தலைமுறையிற் சாயல் நிறைவுறும். இயற்கைத் தெரிவுக்கு இதைவிட எளிய விளக்கம் கிடைத்தல் அரிது.

ஆனால் அந்தப் பல்லாயிரம் தலைமுறை என்பதிலேதான் சிக்கல் தொடங்கிற்று. இயற்கை பாய்வதில்லை, அடிமேல் அடி வைத்தே நடக்கிறது என்பது டார்வினின் உறுதியான எண்ணம். அவருக்காகப் போராடிய ஹக்ஸ்லியே, நூல் வெளிவருவதற்கு முதல்நாள் எழுதிய கடிதத்தில், வேண்டாத சுமையொன்றைத் தலையில் ஏற்றிக்கொண்டீர் என்ற கருத்துப்பட எச்சரித்தார். கொள்கையின் எதிரியன்று, அதன் காவலரே அவ்வாறு சொன்னது கவனிக்கத்தக்கது.

இவ்விடத்தில் நம் மொழியைப் பற்றி ஒரு சொல். ஈழத்துப் பாடநூல்களிலே வழங்கும் கூர்ப்பு என்னுஞ் சொல் தொல்காப்பிய உரியியலிற் காணப்படுவது. உள்ளது சிறத்தல் என்பதே அதன் பொருள். கலைச்சொல் ஆக்கியோர் இதனைத் தெரிந்தது அழகுதான். எனினும் உள்ளதே சிறக்கிறதா, இல்லாதது புதிதாய்த் தோன்றுகிறதா என்பதே வாதமாயிருக்க, சொல் மாத்திரம் ஒரு கட்சியிற் சேர்ந்துவிட்டது போலும்.

மெண்டல் என்னும் துறவியின் பட்டாணி ஆய்வு 1866 இல் அச்சேறிக் கேட்பாரற்றுக் கிடந்து, 1900 இல் மீண்டும் வெளிச்சத்துக்கு வந்தது. உடனே இங்கிலாந்தில் அறிஞர் இரு பாசறையாகப் பிரிந்தனர். வில்லியம் பேற்சன் (அமேசன் பேற்ஸ் வேறு, இவர் வேறு) மெண்டலைத் தூக்கிப் பிடித்தார். இலட்சணங்கள் தனித்தனி அலகுகளாகக் கடத்தப்படுகின்றன. ஆகவே மாற்றமும் தாவித் தாவியே நிகழும் என்றார். வெல்டனும் கார்ல் பியர்சனும், அளவுகோலும் கணிதமுங் கொண்டு, தொடர்ச்சியான சிறு வேறுபாடுகளே கூர்ப்பின் மூலப்பொருள் என்றனர். 1904 இல் பிரித்தானிய விஞ்ஞான முன்னேற்றச் சங்கம் கேம்பிரிட்ஜிற் கூடியபோது இரு சாராரும் நேருக்கு நேர் மோதிக்கொண்டனர். இரண்டாண்டிற்குள் வெல்டன் இறந்தார். சண்டை ஓயவில்லை. இன்று நோக்கும்போது நமக்கு வியப்பளிப்பது, மெண்டலை ஏற்றால் டார்வினைக் கைவிட வேண்டும், டார்வினை ஏற்றால் மெண்டலைக் கைவிட வேண்டும் என்று இருதிறத்தாரும் எண்ணியதே.

பேற்சனின் நெருங்கிய துணைவர் றெஜினால்ட் பனெற். இவர்தாம் இலங்கைக்கு வந்தவர். நம் வண்ணத்துப்பூச்சிகளை ஆராய்ந்து இவர் எழுதிய கட்டுரை, கொழும்பு நூதனசாலையின் வெளியீடான ஸ்பொலியா செய்லானிக்காவில் 1910 இல் வந்தது. பிற்காலத்தில் ஒக்ஸ்போட்டிலும் சிக்காகோவிலும் மேற்கோளாகப் போன ஒரு வாதம் முதலில் அச்சானது நம் கொழும்பிலே.

பனெற் வேடக் கொள்கையை நம்ப மறுத்தார். நூதனசாலைப் பெட்டியில் ஊசிகுத்தி வைத்த பூச்சிகளைப் பார்த்து ஒற்றுமை பேசுவது எளிது. வெயிலிலே பறக்கும்போது பாருங்கள் என்றார். நஞ்சுள்ளது சீராய்ப் பறக்கிறது; அழகியோ மேலுங்கீழுமாய் அலைந்து பறக்கிறது. முன்னதன் உடல் சிவப்பு, பின்னதன் உடல் கறுப்பு. மனிதக் கண்ணுக்கே தொலைவிற் புலப்படும் வேற்றுமை பறவைக்கா புலப்படாது? அன்றியும், நம் தீவின் பல பகுதிகளிலும் மூலப் பூச்சியின் தொகையும் போலியின் தொகையும் கொள்கை சொல்லுமாறு ஒன்றோடொன்று இயைந்து செல்லவில்லை என்றார். இவையாவும் வெளியிற் போய்ப் பார்த்தவனின் பேச்சு. முடிவு எதுவாயினும் அந்த உழைப்பு மதிக்கத்தக்கது.

அவருடைய தலையாய தடை இன்னும் ஆழமானது. மூவகைப் பெண்களுக்கும் இடைப்பட்ட சாயல் எங்கே? ஆண் போன்றதிலிருந்து ரோசா வேடத்துக்குப் படிப்படியாகச் சென்றிருந்தால், முதற் படியிலே, சிறகில் ஒரு வெண்பொட்டு மாத்திரம் தோன்றிய பூச்சி எந்தப் பறவையை ஏமாற்றியிருக்கும்? ஏமாற்றாத பொட்டைத் தெரிவு எப்படிப் பேணும்? ஆகவே வேடம் முழுவதும் ஒரே விகாரத்தில், ஒரே தலைமுறையில் தோன்றியிருத்தல் வேண்டும். தெரிவு அதனை ஆக்கவில்லை என்பது அவர் துணிபு. இதனை எளிதில் தள்ளிவிட முடியாது. டார்வின் கட்சியினர் பலர் அன்று விடை காணாது நின்றனர்.

பனெற்றுக்கு ஆதரவாகச் சோதனையும் வந்து சேர்ந்தது. பிறையர் என்பார் இலங்கையிலேயே அழகியைக் கூட்டிலடைத்துத் தலைமுறை தலைமுறையாக வளர்த்து, 1913 இல் தம் முடிவை வெளியிட்டார். ஒரு தாயின் முட்டைகளிலிருந்தே மூவகைப் பெண்ணும் பிறக்கலாம். பிறப்பன தெளிவாக இன்னதென்று பிரித்தறியத்தக்கன. வேடம் ஆட்சியுடையது, ஆண் போன்ற சாயல் பின்னிடைவானது. ஆண்கள் வேடத்துக்குரிய அலகைச் சுமந்து சென்று மகளுக்குக் கொடுக்கும், தாம் உடுத்தா. அனைத்தும் மெண்டலின் விதிப்படி! அலகுகள் இரண்டு என்று பிறையர் கொண்டார். பிற்கால ஆய்வு அது ஓரிடத்து அலகின் பல வடிவங்களென்று திருத்திற்று.

1915 இல் பனெற் இவற்றையெல்லாம் திரட்டி வண்ணத்துப்பூச்சிகளின் போலிவேடம் பற்றி ஒரு நூல் எழுதினார். அதன் பின்னிணைப்பாக நோட்டன் என்னும் கேம்பிரிட்ஜ்க் கணிதரைக் கொண்டு ஓர் அட்டவணை போடுவித்தார். ஒரு பரம்பரையலகால் இவ்வளவு நன்மையுண்டாயின் அது எத்தனை தலைமுறையிற் பரவும் என்பதே அதன் பொருள். நாமும் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நூற்றுக்கு ஒன்றாயிருக்கும் ஓர் அலகு, ஒவ்வொரு தலைமுறையிலும் தன் போட்டியலகைவிட நூற்றிலொரு பங்கு மாத்திரம் மிகையாய்ப் பெருகுவதாகக் கொள்வோம். ஏறத்தாழ 920 தலைமுறையில் அது நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதாகிவிடும். ஆண்டுக்கு எட்டுத் தலைமுறை கொள்ளும் பூச்சிக்கு இது 115 ஆண்டு. மலைகள் தேயும் காலமன்று, நம் கொள்ளுப்பாட்டன் காலம்.

பனெற் இந்த அட்டவணையைத் தம் கட்சிக்கே பயன்படுத்தினார். தெரிவு இத்துணை வேகமுடையதாயின், வேடம் உண்மையில் உயிர் காப்பதாயின், வேடமில்லாத பெண் எப்போதோ அற்றுப் போயிருக்க வேண்டுமே. மூவகையும் நெடுங்காலமாக ஒன்றாய் வாழ்வதேன்? ஆகவே பறவையும் இல்லை, தெரிவும் இல்லை என்றார். ஆனால் அதே அட்டவணையைப் படித்தவர்கள் வேறு பாடம் கற்றுக்கொண்டனர். அற்பமான நன்மையும் போதும், தெரிவு வல்லது என்பது அவர்களுக்குப் புலனாயிற்று. 1924 முதல் ஹோல்டேன் எழுதிய கணிதக் கட்டுரைகளுக்கு நோட்டனின் வேலையும் ஒரு தூண்டுகோல். எதிர்ப்பதற்கென்று எழுதிய நூலின் கடைசிப் பக்கங்களிலே எதிர்த்தரப்பின் ஆயுதம் கிடந்தது.

அதனை முழுமையாக எடுத்தாண்டவர் ரொனால்ட் பிஷர். இவருக்கும் பனெற்றுக்கும் பழைய கணக்கொன்று உண்டு. மெண்டலும் டார்வினும் பகைவரல்லர், பல அலகுகள் கூடினால் தொடர்ச்சியான வேறுபாடு தானே விளையும் என்று கணிதத்தால் நிறுவிய இவரது கட்டுரையை இலண்டன் அரச கழகம் ஆராயக் கொடுத்தபோது, மதிப்பிட்ட இருவர் பியர்சனும் பனெற்றும். எதிரெதிர்ப் பாசறையினரான அவ்விருவரும் அதனை ஆதரிக்காமையில் மாத்திரம் ஒன்றுபட்டனர்! கட்டுரை பின்னர் 1918 இல் எடின்பரோவில் வெளிவந்தது. கேம்பிரிட்ஜிற் பனெற் வகித்த பிறப்புரிமையியற் பேராசிரியர் பதவிக்கு 1943 இல் வந்தமர்ந்தவர் இந்தப் பிஷரே என்பதையும் சொல்லி மேலே செல்வோம்.

பிஷர் 1927 இல் பனெற்றின் தடைகளுக்கு விடை எழுதினார். 1930 இல் வந்த தம் பெருநூலிலும் அதனை விரித்தார். மூவகையும் சேர்ந்து வாழ்வது தெரிவு இல்லாமையாலன்று. தெரிவு எதிரெதிராக இழுப்பதால். போலிகள் அரிதாயிருக்கும்போது பறவை ஏமாறும். போலிகள் பெருகினாலோ, கொத்திய பூச்சி இனிக்கிறதே என்று பறவை கற்றுக்கொள்ளும். வேடத்தின் பயன் தேயும். கள்ளக்காசு கொஞ்சமாயிருக்கும் வரையிலேதான் செல்லும். எனவே விகிதம் ஓரிடத்தில் நிலைகொள்ளுகிறது.

முதற்படிச் சிக்கலுக்கும் அவர் வழி காட்டினார். ஓர் அலகு வேடத்தை இயக்குகிறது என்பது மெய். மின் ஆளியை அழுத்தியதும் விளக்கு எரிகிறது. அதனால் விளக்கு ஒரே கணத்தில் ஆக்கப்பட்டது என்று எவரும் சொல்லார். தொடக்கத்தில் ஒரு விகாரம் ஓரளவு சாயலைத் தந்திருக்கலாம். அதன்பின் மற்றை அலகுகளின் சிறுசிறு மாற்றங்கள் அச்சாயலைச் செப்பனிட்டன என்றார். இதற்குச் சான்று ஆபிரிக்காவிலிருந்து வந்தது. அங்குள்ள பப்பிலியோ டாடானசின் பெண்களும் பல வேடம் பூணுவன. மடகஸ்கார்த் தீவின் பெண்களோ வேடமற்றவை. இரண்டையும் கலந்து வளர்த்தபோது வேடம் குலைந்து அரைகுறையாயிற்று. ஆளி இருந்தும், அதற்குத் துணைநின்ற அலகுகள் இல்லாமற் போனமையே காரணம். லிவர்பூலில் கிளார்க்கும் ஷெப்பர்டும் 1960 இல் இதனை வெளியிட்டனர். ஆனால் எல்லாரும் உடன்பட்டுவிடவில்லை. ரிச்சட் கோல்ட்சிமிற் 1940 இல் எழுதிய நூலிற் பெரும்பாய்ச்சற் கொள்கையைப் புதுப்பித்து, 1945 இல் வேடப் பூச்சிகளை வைத்தே மறுபடியும் வாதாடினார்.

பறவை உண்மையிலேயே ஏமாறுகிறதா என்ற அடிப்படைக் கேள்விக்கு யப்பானியர் விடை கண்டனர். ரோசா அழகியை உண்டு வெறுத்த பறவை, வேடம் பூண்ட அழகியையும் தொடாது விட்டதை 1996 இல் வெளியான சோதனை காட்டியது. அதனினும் இனிய செய்தி ரியூக்கியூத் தீவுகளிலிருந்து வந்தது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ரோசா அழகி அத்தீவுகளிற் புதிதாகக் குடியேறியது; அது நிலைகொண்டதன் பின் வேடப் பெண்களின் பதிவுகளும் பெருகின. மூலம் வந்ததும் போலி பெருகுமா என்று இலங்கையில் நின்று பனெற் கேட்ட கேள்விக்கு, இயற்கையே சோதனை நடத்தி விடை தந்தது போலாயிற்று.

மேலே சொன்ன கிளார்க் தொழிலால் மருத்துவர். பூச்சி வளர்த்தல் அவருக்குப் பொழுதுபோக்கு. பூச்சியின் வேடத்தை ஆளும் அலகுகள் நெருங்கிப் பிணைந்திருக்கும் விதம் மனிதரின் றீசசுக் குருதி வகையை ஒத்திருக்கக் கண்டு, அவர் கவனம் அப்பக்கம் திரும்பிற்று. தாயின் குருதி சிசுவின் குருதியை அழிக்கும் கொடுமையைத் தடுக்க, பிரசவத்தின் பின் தாய்க்கு ஏற்றும் ஊசிமருந்து 1960களில் உருவானதில் லிவர்பூற் குழுவின் பங்கு பெரிது. நியூயோக்கிலும் அதே காலத்தில் வேறொரு குழு அவ்வழியே சென்றது. எண்ணற்ற குழந்தைகள் அந்த ஊசியாற் பிழைத்தன. வண்ணத்துப்பூச்சி பிடித்துத் திரிவதாற் பயனென்ன என்று பிள்ளைகளைக் கடியும் பெற்றோருக்கு இதனை எடுத்துக் காட்டலாம்.

ஷெப்பர்ட் முதலியோர், ஆளியென்பது தனி அலகன்று, பிரியாது ஒட்டிக்கிடக்கும் பல அலகுகளின் கூட்டம் என்று கருதினர். மிகையலகு என்று அதற்குப் பெயர். 2014 இல் பெங்களூரைச் சேர்ந்த கிருஷ்ணமேக குந்தேயும் சிக்காகோவின் மார்க்கஸ் குறொன்போஸ்ற்றும் அவர்தம் குழுவினரும் நிறமூர்த்தத்தில் அந்த இடத்தையே கண்டுபிடித்தனர். அங்கிருந்தது டபிள்செக்ஸ் என்னும் ஓர் அலகு. ஆண் பெண் வேற்றுமையை வகுப்பதென்று முன்பே அறியப்பட்டது. வேடம் பெண்ணுக்கு மாத்திரம் உரியதாயிருக்கும் புதிர் இதனாற் சற்றே அவிழ்ந்தது. அடுத்த ஆண்டு யப்பானில் நிஷிக்காவா, பூஜிவாரா முதலியோரும் அதே இடத்துக்கு வந்து சேர்ந்தனர். ரோசா வேடத்தைத் தரும் வடிவத்தில் நிறமூர்த்தத்தின் அத்துண்டு தலைகீழாய்த் திரும்பியிருக்கிறது. திரும்பிய துண்டு மற்றையதோடு கலப்பதில்லை. ஆதலால் அதனுள்ளே நிகழ்ந்த சிறு மாற்றங்கள் சிதறாமற் குவிந்துகொண்டே வந்தன. இடம் ஒன்று, ஆயின் அதனுள் வேற்றுமைகள் மிகப் பல. பனெற் கண்ட ஆளியைத் திறந்து பார்த்தபோது, உள்ளே பிஷர் சொன்ன சிறுபடிகள் அடுக்கடுக்காய்க் கிடந்தன. அயலிலுள்ள வேறு அலகுகளும் வேடத்திற் பங்கு கொள்ளுகின்றன என்று பூஜிவாராவின் குழு பின்னரும் காட்டியிருக்கிறது. ஆகவே கூட்டமா, தனியலகா என்னும் கேள்வி இன்னும் மூடப்படவில்லை.

ஆண்கள் ஏன் வேடம் பூணுவதில்லை என்பதும் திறந்தே கிடக்கிறது. பழைய சாயலுள்ள ஆணையே பெண் விரும்புகிறது, ஆகவே வேடமிட்ட ஆணுக்குத் துணை கிடையாது என்று தோமஸ் பெல்ற் 1874 இலேயே எழுதினார். அன்று, முட்டை சுமந்து மெல்லப் பறக்கும் பெண்ணையே பறவை மிகுதியாகத் தாக்குகிறது, வேடம் வேண்டுவது அவளுக்கே என்று, பறவையலகு பட்டுக் கிழிந்த சிறகுகளை எண்ணிப் பார்த்து ஓசாக்கி என்னும் யப்பானியர் 1995 இற் சொன்னார். நம் கறிவேப்பிலை மரத்தைச் சுற்றி வட்டமிடுவனவற்றிலே எத்தனை ஆண், எத்தனை பெண், பெண்களிலே எத்தனை வேடமிட்டன, எவற்றின் சிறகு கிழிந்துள்ளது என்று ஒரு மழைக்காலம் முழுவதும் எண்ணிக் குறித்து வைப்பதற்கு ஒரு கொப்பியும் பென்சிலுமே போதும்.